பூரி எண்ணெய் குடிப்பது ஏன்?



உரம், மருந்து, விதைநேர்த்தி என்று பேசுகிற ஆள் இன்றைக்குப் பூரி சுடுவதைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நினைக்கிறீர்களா? காரணம் இருக்கிறது. கடலை வயல் பார்க்கப் போன ஊரில், ஒரு வீட்டில் பூரி சுட்டுக்கொண்டிருந்தார்கள். வாணலியில் எண்ணெய் கறுத்துப் போய், நுரைத்துக்கொண்டிருந்தது. "இது எத்தனாவது தடவைம்மா?" என்று கேட்டேன்.

"பொங்கலுக்கு வடை சுட்ட எண்ணெய்ங்க சார். குறையக் குறைய ஊத்திக்கிறதுதான். சொந்தக் கடலையில ஆட்டினது, கொட்ட மனசு வருங்களா? ஆனா பூரி உப்பவும் மாட்டேங்குது, எண்ணெயை மட்டும் குடிச்சிடுது" என்றார் அந்த அம்மா.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய 2.5 கிலோ பருப்பு செக்கில் போகவேண்டும். அத்தனை பாடுபட்டதை வீணாக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் மிச்சம் பிடிப்பதாக நினைத்து அவர் செய்ததே எண்ணெய்ச் செலவைக் கூட்டியது. அது எப்படி என்று பார்ப்போம்.

பூரி உப்புவது எதனால்?

கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால், அதிலுள்ள புரதம் ரப்பர் போல இழுபடும் தன்மை அடைகிறது. இதைக் குளூட்டன் என்பார்கள். அரிசி மாவில் இது கிடையாது. தேய்த்த பூரியைக் காய்ந்த எண்ணெயில் போட்டதும் மேலும் கீழும் தோல் பிடித்துக்கொள்கிறது. நடுவிலுள்ள ஈரம் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். வெளியே போக வழியில்லாததால், சைக்கிள் டியூப்பில் காற்றடித்த மாதிரி பூரி உப்புகிறது. ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே புகுவது சிரமம். இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

மாவு பிசையும் பக்குவம்

ரேஷன் கடைக் கோதுமையானால் கல், தூசி நீக்கிக் காயவைத்து, மையாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ மாவுக்கு ஒரு சின்னக் கரண்டி உப்பு, இரண்டு சின்னக் கரண்டி எண்ணெய், கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் போதும். தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல், தெளித்துத் தெளித்துப் பிசையவேண்டும். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக இருக்கட்டும். ஈரம் கூடினால் எண்ணெயும் கூடுதலாக ஏறும். ஈரத்துணி போட்டு மூடிக் கால் மணி நேரம் வைத்தால் தேய்க்க இலகுவாக இருக்கும்.

எலுமிச்சம்பழ அளவு உருண்டை பிடித்தால் 20 முதல் 24 பூரி வரும். தேய்க்கும்போது வறட்டு மாவு தூவாதீர்கள். அது வாணலியின் அடியில் தங்கிக் கருகி எண்ணெயைக் கெடுக்கும். பலகையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். நடுவும் ஓரமும் ஒரே கனமாக இருக்கவேண்டும். எல்லாவற்றையும் தேய்த்துப் பரப்பிவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்றவைக்கிற பழக்கம் வேண்டாம். மேல்தோல் உலர்ந்து வெடித்தால் ஆவி ஓடிவிடும், பூரி தட்டையாகிவிடும்.

எண்ணெயின் சூடு

குழிவான சின்ன வாணலியில் குறைந்த எண்ணெய் வைத்து ஒவ்வொன்றாகச் சுடுவதே சிக்கனம். சூடு ஏறக்குறைய 180 டிகிரி செல்சியஸ் வேண்டும். அளக்கக் கருவி வேண்டாம். மிளகளவு மாவைக் கிள்ளிப் போடுங்கள். அடியிலேயே கிடந்தால் சூடு போதாது. உடனே குமிழி விட்டு மேலே வந்தால் சரியான பதம். புகைந்தால் சூடு மிஞ்சிவிட்டது, தீயைக் குறையுங்கள். சூடு போதாத எண்ணெயில் தோல் பிடிக்க நேரமாகும், பூரி வெகுநேரம் ஊறிக் கிடக்கும்.

பூரி மேலே மிதந்து வந்ததும் கரண்டியால் லேசாக அமுக்கிவிட்டால் மேல்பக்கமும் தோல் பிடித்து உப்பும். ஒருமுறை திருப்பிப் போட்டு, பொன்னிறமானதும் எடுத்துவிடலாம். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள்.

எடுத்த பிறகு

பூரி எண்ணெயை அதிகம் குடிப்பது வாணலியில் கிடக்கும்போது அல்ல, வெளியே எடுத்து ஆறும்போதுதான். உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்க, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால் எடுத்த சூட்டோடு ஜல்லிக்கரண்டியில் செங்குத்தாகப் பிடித்து வாணலி ஓரத்தில் வடியவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்.

பழைய எண்ணெயின் கதை

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் சூடும், காற்றும், மாவின் ஈரமும் சேர்ந்து எண்ணெயைச் சிதைக்கின்றன. சிதைந்து உண்டாகும் பொருள்களில் சில சோப்புப் போல வேலை செய்யும். சோப்புப் போட்டால் தண்ணீர் துணிக்குள் சீக்கிரம் இறங்குகிறதல்லவா? அதுபோலப் பழைய எண்ணெய் பூரிக்குள் சீக்கிரம் இறங்கும். மிச்சம் பிடிக்க வைத்திருந்த எண்ணெய் பூரியோடு வயிற்றுக்குள் போகிறது. அது உடம்புக்கும் நல்லதல்ல. கடைகள், ஓட்டல்களில் இப்படிச் சிதைந்த பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் நமக்குக் கண்ணும் மூக்கும்தான் கருவி. கறுத்தாலும், பிசுபிசுத்தாலும், நுரைத்தாலும், சீக்கிரம் புகைந்தாலும் அந்த எண்ணெயின் ஆயுசு முடிந்தது.

பழையதில் புது எண்ணெயைச் சேர்ப்பது, புளித்த மோர்ப் பானையில் கறந்த பாலை ஊற்றுவது மாதிரி. புதுசும் கெட்டுப்போகும். அதற்குப் பதிலாக, சுட்டு முடித்து ஆறிய எண்ணெயைத் துணியில் வடிகட்டி, மூடி வைத்து, இரண்டொரு நாளில் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள். ஆயுசு முடிந்ததை மண்வெட்டி, கொழு முனையில் தடவினால் துருப்பிடிக்காது. வாய்க்காலில் ஊற்றாதீர்கள்.

நான் சொன்னேன் என்று நம்பவேண்டாம். வயலில் சோதனைத் திடல் போட்டுப் பார்க்கிறோமே, அதுபோல அடுப்படியிலும் ஒன்று போட்டுப் பாருங்கள். அடுத்த முறை பூரி சுடுமுன் புது எண்ணெயை ஆழாக்கில் அளந்து ஊற்றுங்கள். சுட்டு ஆறியபின் மீதியை அளந்து பாருங்கள். எவ்வளவு குறைந்தது என்பது தெரிந்துவிடும். மாவின் ஈரம், எண்ணெயின் சூடு, வடியவிடும் விதம் மூன்றையும் திருத்தி, இன்னொரு நாள் அதே அளவு மாவில் சுட்டு மறுபடி அளவுங்கள். மிச்சம் எவ்வளவு என்று ஆழாக்கே சொல்லிவிடும்.



(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய பேச்சு)