ஹைப்பர்சோனிக் ஏவுகணை: வேகத்தைவிடப் பாதை முக்கியமாவது ஏன்?

புதுடெல்லி: ஒடிசா கடற்கரையை ஒட்டிய டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தீவிலிருந்து, நாட்டின் முதல் நீண்டதூர ஹைப்பர்சோனிக் ஏவுகணையைப் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு (டிஆர்டிஓ) 2024 நவம்பர் 16-ஆம் தேதி வெற்றிகரமாகச் சோதித்தது. 1,500 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவுக்குப் பல்வகைச் சுமைகளைக் கொண்டு செல்லும் வகையில் இது வடிவமைக்கப்பட்டுள்ளதாக மத்திய அரசு அறிவித்தது. பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் இதனை வரலாற்றுச் சாதனை எனப் பாராட்டினார்.

இச்சோதனை குறித்த செய்திகளில் பெரும்பாலும் வேகமே முன்னிறுத்தப்பட்டது. ஆனால் இவ்வகை ஆயுதத்தின் புதுமை வேகத்தில் மட்டும் இல்லை. அது பறக்கும் பாதையிலும், அதனால் எதிர்த்தரப்புக்குக் குறையும் அவகாசத்திலும்தான் உள்ளது.

ஹைப்பர்சோனிக் என்றால் என்ன?

ஒலியின் வேகத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வேகம், அதாவது மாக் 5-க்கு மேற்பட்ட வேகம், ஹைப்பர்சோனிக் எனப்படுகிறது. கடல் மட்டத்தில் இது மணிக்குச் சுமார் 6,100 கி.மீ. ஆகும். இந்தியா-ரஷ்யா கூட்டுத் தயாரிப்பான பிரம்மோஸ் ஏவுகணையின் வேகம் மாக் 3-க்குச் சற்றுக் குறைவு.

எனினும், இத்தகைய வேகம் உலகுக்குப் புதிதன்று. பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ள நீண்டதூர பாலிஸ்டிக் ஏவுகணைகளின் முனைப்பகுதி, வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது மாக் 20-ஐயும் கடக்கிறது. ஆனால் அவை எறியப்பட்ட கல்லைப் போல வளைந்த பாதையில் மேலெழுந்து இறங்குபவை. தொடக்கக் கட்டத்தைக் கவனித்தாலே விழும் இடத்தைப் பெருமளவு கணித்துவிடலாம்.

ஹைப்பர்சோனிக் ஆயுதங்கள் இந்தக் கணிப்பைக் குலைக்கின்றன. அவை இரு வகைப்படும். ஒன்று, ராக்கெட் மூலம் உயரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, பின்னர் வளிமண்டலத்தின் மேல்பகுதியில் சறுக்கியபடி செல்லும் வாகனம். மற்றொன்று, ஸ்கிராம்ஜெட் என்ஜினால் தொடர்ந்து உந்தப்படும் க்ரூஸ் ஏவுகணை. இரண்டுமே பயணத்தின் நடுவில் திசை மாறக்கூடியவை. ஒடிசா சோதனையிலும், இலக்கை நெருங்கும் கட்டத்தில் ஏவுகணை திட்டமிட்டபடி பாதை மாறி, மிகத் துல்லியமாக இலக்கை எட்டியதைக் கடலில் நிறுத்தப்பட்டிருந்த கப்பல்களின் கண்காணிப்புக் கருவிகள் உறுதிப்படுத்தின.

ராடாருக்கு ஏன் சவால்?

பூமியின் வளைவு காரணமாக, தரையில் உள்ள ராடாரால் தொடுவானத்துக்கு அப்பால் தாழ்வாக வரும் பொருளைக் காண இயலாது. 1,500 கி.மீ. செல்லும் பாலிஸ்டிக் ஏவுகணை பொதுவாக 300 கி.மீ.-க்கும் அதிகமான உயரத்துக்கு எழுவதால், அது வெகுதொலைவிலேயே புலப்பட்டுவிடும். மாறாக, 30 கி.மீ. உயரத்தில் வரும் ஏவுகணை, ராடாரிலிருந்து சுமார் 700 கி.மீ. தொலைவுக்குள் வந்த பிறகே தென்படும்.

விநாடிக்கு 2 கி.மீ. வேகத்தில் அந்த 700 கி.மீ. தொலைவைக் கடக்க ஆறு நிமிடம்கூடத் தேவையில்லை. 1,500 கி.மீ. தொலைவைக் கடக்க இரு வகை ஏவுகணைகளுக்கும் ஏறத்தாழ ஒரே நேரமே ஆகிறது. பயண நேரம் பெரிதாகக் குறையாவிட்டாலும், எச்சரிக்கை நேரம் குறைந்துவிடுகிறது. ஏவப்படும்போது வெளிப்படும் வெப்பத்தைச் செயற்கைக்கோள்கள் கண்டறிந்தாலும், ஏவுகணை எங்கே செல்கிறது என்பதை அதைக்கொண்டு மட்டும் கூறிவிட முடியாது.

அனலும் சுடரும்

ஹைப்பர்சோனிக் தொழில்நுட்பம் ஒரு சில நாடுகளிடமே இருப்பதற்கு இரு தடைகள் முக்கியக் காரணம். முதலாவது வெப்பம். மாக் 6 வேகத்தில் ஏவுகணையின் முனையில் மோதி நிற்கும் காற்றின் வெப்பநிலை 1,500 டிகிரி செல்சியஸைக் கடக்கும். இரும்பே உருகத் தொடங்கும் நிலை அது.

இரண்டாவது எரிதல். ராக்கெட்டைப் போல் ஆக்சிஜனேற்றியைச் சுமந்து செல்லாமல், ஸ்கிராம்ஜெட் என்ஜின் வளிமண்டலக் காற்றையே உள்வாங்குகிறது. அக்காற்று ஒலியைவிட வேகமாக என்ஜினைக் கடந்து செல்லும். மில்லி விநாடிகளுக்குள் எரிபொருள் அதனுடன் கலந்து எரிய வேண்டும். சூறைக்காற்றில் அகல்விளக்கை அணையாமல் காப்பதற்கு ஒப்பான வேலை இது. மேலும், இந்த என்ஜின் அசையா நிலையிலிருந்து தானாகக் கிளம்பாது. தொடக்க வேகத்தை ராக்கெட்தான் அளிக்க வேண்டும்.

இத்துறையில் வளர்ச்சி விநாடிகளில் அளக்கப்படுகிறது. அமெரிக்காவின் நாசா 2004 நவம்பர் 16 அன்று பறக்கவிட்ட எக்ஸ்-43ஏ விமானம் மாக் 9.6 வேகத்தை எட்டியபோது, அதன் என்ஜின் சுமார் 10 விநாடிகளே இயங்கியது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் (இஸ்ரோ) 2016 ஆகஸ்ட் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நடத்திய சோதனையில் ஸ்கிராம்ஜெட் 5 விநாடிகள் எரிந்தது. 2020 செப்டம்பர் 7 அன்று டிஆர்டிஓ சோதித்த வாகனம் 20 விநாடிகளுக்கு மேல் மாக் 6 வேகத்தில் பறந்தது.

அதே ஆண்டு டிசம்பரில், மாக் 5 முதல் 12 வரையிலான வேகங்களை உருவாக்கிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் ஹைதராபாத்தில் திறக்கப்பட்டது. அங்குள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு ஆய்வகம் 2025 ஜனவரியில் நடத்திய தரைச் சோதனையில் எரிகலன் 120 விநாடிகள் இயங்கியது. ஏப்ரலில் நடந்த மற்றொரு சோதனையில், சிறிய அளவிலான எரிகலன் 1,000 விநாடிகளுக்கு மேல் இயங்கியது. எரியும் முன்பே வெப்பத்தை உறிஞ்சி என்ஜினைக் குளிர்விக்கும் எரிபொருளும், எஃகு உருகும் வெப்பநிலைக்கு மேலும் தாங்கும் பீங்கான் வகைப் பூச்சும் இம்முயற்சிக்காக உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்டுள்ளன. ஆயினும், தரையில் கிடைத்த வெற்றியை வானில் நிரூபிப்பது தனிக் கட்டமாகும்.

தடுக்கவே முடியாததா?

ரஷ்யா தனது அவன்கார்ட் சறுக்கு வாகனத்தை 2019 டிசம்பரில் படையில் சேர்த்தது. சீனா அதே ஆண்டு அக்டோபர் 1 அணிவகுப்பில் டிஎஃப்-17 ஏவுகணையைக் காட்சிப்படுத்தியது. ஹைப்பர்சோனிக் ஆயுதம் என ரஷ்யா குறிப்பிடும் கின்ஷால் ஏவுகணையை, அமெரிக்கத் தயாரிப்பான பேட்ரியாட் அமைப்பின் உதவியுடன் சுட்டு வீழ்த்தியதாக உக்ரைன் 2023 மே மாதம் அறிவித்தது. இறுதிக் கட்டத்தில் அடர்ந்த காற்றுக்குள் இறங்கும்போது இத்தகைய ஆயுதங்கள் வேகம் இழக்கின்றன. எனவே அவை முறியடிக்கவே முடியாதவை அல்ல. முறியடிப்பதற்கான வாய்ப்பு மிகக் குறுகியது.

சுருங்கும் நிமிடங்கள்

2022 மார்ச் 9 அன்று, பராமரிப்புப் பணியின்போது தவறுதலாக ஏவப்பட்ட இந்திய ஏவுகணை ஒன்று பாகிஸ்தானின் மியான் சன்னு பகுதியில் விழுந்தது. உயிரிழப்பு ஏதும் இல்லை. இந்தியா வருத்தம் தெரிவித்து விசாரணைக்கு உத்தரவிட்டது. வருவது என்ன, அது தவறா, தாக்குதலா என்பதைச் சில நிமிடங்களுக்குள் முடிவு செய்ய வேண்டிய நிலை எத்தகையது என்பதை அச்சம்பவம் உணர்த்தியது.

எதிர்நோக்கி வரும் ஏவுகணையில் இருப்பது வழக்கமான வெடிபொருளா, அணு ஆயுதமா என்பதை ராடார் திரை காட்டாது. அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை என்பது இந்தியாவின் அறிவிக்கப்பட்ட கொள்கை. ஆனால் நெருக்கடி வேளையில், எதிர்த்தரப்பு அதை எவ்வாறு புரிந்துகொள்கிறது என்பதும் முக்கியமாகிறது. எச்சரிக்கை நேரம் குறையக் குறைய, தவறான கணிப்பைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் குறைகிறது.

பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனைகளைக் குறைந்தது மூன்று நாள்களுக்கு முன்னரே பரஸ்பரம் தெரிவிக்கும் உடன்பாட்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் 2005 அக்டோபர் 3 அன்று கையெழுத்திட்டன. பாலிஸ்டிக் ஏவுகணைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட அந்த உடன்பாட்டில் க்ரூஸ் ஏவுகணைகள் இடம்பெறவில்லை. இரு வகைகளுக்கும் இடைப்பட்ட ஹைப்பர்சோனிக் ஆயுதங்கள் அன்று பேசுபொருளாகவும் இல்லை. ஆய்வகங்களில் விநாடிக் கணக்கு கூடிவரும் வேளையில், இத்தகைய உடன்பாடுகளையும் காலத்துக்கேற்ப விரிவுபடுத்துவது ஆசியாவின் அணு ஆயுத நாடுகள் முன் உள்ள கடமையாகும்.