பொதுவில் விளையும் மென்பொருள்

நுழையும்முன்

உலகெங்கும் உள்ளோர் கூடி உருவாக்கும் லினக்ஸ் கருநிரலில் பள்ளி மாணவரும் ஒருநாள் பங்கேற்கலாம். அதற்கு நிரல் அறிவு வேண்டும். பலரோடு சேர்ந்து உழைக்கும் பண்பும் வேண்டும். இரண்டையும் இப்பாடம் விளக்குகின்றது.

உப்பளம் உணர்த்துவது

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரையில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. உவர்நீர் பாத்திதோறும் வெயிலில் வற்றிச் செறிவு பெற்று, இறுதிப் பாத்தியில் உப்பாக விளைகின்றது. ஒருவர் எவரையும் கேளாமல் மடையைத் திறந்துவிட்டால், செறிவு குறைந்த நீர் புகுந்து விளைந்த உப்பைக் கரைத்துவிடும். பலருடைய உழைப்பு ஒருவரது கவனக்குறைவால் வீணாகும். லினக்ஸ் கருநிரலும் இத்தகைய கூட்டு உழைப்பின் விளைச்சலே.

கருநிரல் என்பது யாது?

கணினியின் வன்பொருளுக்கும் பயன்பாட்டு மென்பொருள்களுக்கும் இடையே நின்று, நினைவகத்தைப் பங்கிட்டு, கருவிகளை இயக்குவது கருநிரல். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயக்க அமைப்பை எழுதி வருவதை 1991 ஆகஸ்டு 25 அன்று அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. ஏறத்தாழ 10,000 வரிகளுடன் வெளிவந்த அக்கருநிரல் இன்று 3 கோடி வரிகளைக் கடந்துள்ளது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் இதன்மீதே இயங்குகின்றன. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் மாணவர் கைக்கு வந்தது.

கற்கும் வழி

கருநிரலின் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. ஆதலால் சி மொழியையும் தரவுக் கட்டமைப்புகளையும் முதலில் கற்றல் வேண்டும். மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்னும் கருவியையும் பழகுதல் நன்று. அதனை 2005இல் கருநிரல் பணிக்காகவே டோர்வால்ட்ஸ் உருவாக்கினார்.

மூலநிரலுடனேயே விளக்க ஆவணங்களும் கிடைக்கின்றன. ‘லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்’ நூலின் 2005ஆம் ஆண்டுப் பதிப்பைக் கட்டணமின்றிப் படிக்கலாம். அதன் அடிப்படைக் கருத்துகள் இன்றும் பயன்படும். எடுத்துக்காட்டு நிரல்களோ பழையவை. எனவே அவற்றை இன்றைய மூலநிரலோடு ஒப்பிட்டுக் கற்றல் வேண்டும். சோதனைகளை மெய்நிகர் கணினியில் செய்தால், பிழை நேர்ந்தாலும் சொந்தக் கணினிக்குத் தீங்கில்லை. தனியே தடுமாறுவோருக்குத் துணையாக, விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு ஊரக மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பிக்கின்றது.

பழகும் முறை

கேட்பதற்கு முன் ஆவணங்களிலும் பழைய உரையாடல்களிலும் விடை தேடுதல் முதற்பண்பு. பின்னர் செய்து பார்த்தது, எதிர்பார்த்தது, நேர்ந்தது ஆகியவற்றைத் தெளிவாக எழுதிக் கேட்க வேண்டும்.

திருத்தம் அனுப்புவோர் ஒரு திருத்தத்தில் ஒரு செய்தியை மட்டுமே கையாளுதல் வேண்டும். செய்த மாற்றத்தோடு, அது ஏன் தேவை என்பதையும் விளக்க வேண்டும். எளிய எழுத்துவடிவ மின்னஞ்சலில், அப்பகுதியின் பராமரிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். தாம் அனுப்பும் நிரலை அளிக்கத் தமக்கு உரிமை உண்டு எனப் பெயரொப்பமிடும் வழக்கம் 2004 முதல் உள்ளது. மறுமொழி தாமதமானால் ஓரிரு வாரம் பொறுத்து நினைவூட்டலாம்.

குறை கூறப்படுவது நிரலே, எழுதியவர் அல்லர். இதனை உணர்ந்து திருத்தி மீண்டும் அனுப்புவோரே வளர்கின்றனர். குறை கூறுவோர்க்கும் கடமை உண்டு. தம் கடுஞ்சொற்களுக்காக டோர்வால்ட்ஸ் 2018இல் மன்னிப்புக் கோரினார். அவ்வாண்டே புதிய நடத்தை நெறியும் ஏற்கப்பட்டது.

நம்பிக்கையே அடித்தளம்

ஆய்வு என்னும் பெயரில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் பிழையான திருத்தங்களைத் தெரிந்தே அனுப்பியிருந்தனர். 2021இல் அவர்களுடைய பல்கலைக்கழகத்திலிருந்து வரும் திருத்தங்கள் ஏற்கப்படா என அறிவிக்கப்பட்டது. முன்னர் அங்கிருந்து வந்த திருத்தங்களையும் தன்னார்வலர்கள் மீளச் சரிபார்க்க நேர்ந்தது. ஆய்வாளர்கள் மன்னிப்புக் கோரினர். சிலர் செயலால், தவறு செய்யாதோரும் ஐயத்திற்கு ஆளாயினர்.

எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தித் தொடங்குவதும் இழிவன்று. வரப்பின் சிறு உடைப்பை அடைப்பவரும் விளைச்சலைக் காப்பவரே.

கற்பவை கற்றபின்…

1. கணினி ஆய்வகத்தில் எழும் ஐயம் ஒன்றை, இப்பாடம் கூறும் முறையில் மின்னஞ்சலாக எழுதுக.
2. உங்கள் ஊரில் பலர் கூடிச் செய்யும் தொழில் ஒன்றின் எழுதப்படாத நெறிகளைக் கேட்டறிந்து வகுப்பில் பகிர்க.