புறாத்தீவில் ஒரு பகல்

குளமும் வயலும் காடும் சூழ்ந்த வன்னிப் பெருநிலத்திற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நீர் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது குளமே. குளக்கட்டில் நடந்து, துருசடியில் நீராடி, மாரியில் வான் பாய்வதைக் கண்டு களித்து வளர்ந்தவர்கள் அவர்கள். முல்லைத்தீவு, பூநகரி முதலிய கரையோரத்தார் நீங்கலாக, ஏனையோருக்குக் கடல் என்பது ஆண்டில் ஓரிரு தடவை சென்று காணும் காட்சிப்பொருளாகவே இருந்து வருகின்றது. அவ்வாறு செல்வோரும் அலையிற் காலை நனைத்து மீள்வதோடு மனநிறைவு கொள்கின்றனர். ஒரு பெருமாளிகையின் வாயிலில் நின்று முற்றத்தை மாத்திரம் பார்த்துவிட்டுத் திரும்பும் விருந்தினரின் நிலையே இது.

அம்மாளிகையின் உள்ளே புகுந்து காண்பதற்கு நாம் கடல் கடந்து அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. வவுனியாவில் விடியுமுன் புறப்பட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய தொலைவிலேயே நிலாவெளிக் கடலில் புறாத்தீவு இருக்கின்றது. வெண்மணற் கரை, அரசு காக்கும் தேசியப் பூங்கா, நீரடியில் ஓர் உயிர்க்காட்சிச்சாலை ஆகிய மூன்றையும் ஒரே பகலிற் காண வல்ல இடம் நம் நாட்டில் வேறு எளிதிற் கிடையாது. கோணேசர் கோவிலையும் கன்னியா வெந்நீரூற்றையும் தரிசித்து மீள்வதே திருகோணமலைப் பயணம் என்று எண்ணியிருக்கும் குடும்பங்களுக்கும் மாணவர்க்கும் இத்தீவைப் பற்றிச் சில கூறுவது பயன் தரும் என நம்புகின்றோம்.

வழியும் வரலாறும்

வவுனியாவிலிருந்து கெப்பித்திகொல்லாவ, ஹொரவப்பொத்தானை ஊடாகத் திருகோணமலையை அடையும் பாதை ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் நீளமானது. போர் நிகழ்ந்த காலத்தில் இவ்வழிப் பயணம் அச்சமும் சோதனைச் சாவடிகளும் நிறைந்ததாயிருந்தது. 2009 ஆம் ஆண்டு வைகாசியிற் போர் முடிவுற்ற பின்னரே, குடும்பத்தோடு சுற்றுலா போவது என்ற பேச்சு இப்பகுதிகளில் மீண்டும் எழுந்தது. ஆகவே இன்று நாற்பது வயதைக் கடந்த பெற்றோர் பலர், தம் இளமையிற் காண இயலாத தீவைத் தம் பிள்ளைகளோடு சேர்ந்தே முதன்முறையாகக் காண்கின்றனர். சென்ற ஆவணியில் எமது மாணவர் சிலருடனும் அவர்தம் பெற்றோருடனும் சென்றபோது, பிள்ளைகளினும் பெரியோர் முகத்திலேயே வியப்பு மிகுந்திருக்கக் கண்டோம்.

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றரில் நிலாவெளி உள்ளது. கரையில் அனுமதிச் சீட்டுப் பெற்று இயந்திரப் படகில் ஏறினால், ஒரு கிலோமீற்றர் அளவான கடலைச் சிறிது நேரத்திற் கடந்துவிடலாம். அங்கே பெரிய தீவு, சிறிய தீவு என இரண்டு உள. பெரியது 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் உடையது. அதன் உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 45 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. சிறியது பாறைகளாற் சூழப்பட்டது. பாறை இடுக்குகளிற் கூடு கட்டி வாழும் மாடப்புறாக்களாலேயே இதற்கு இப்பெயர் வாய்த்தது. புறாமலை என்றும் ஊரவர் வழங்குவர். நம் வீட்டு மாடங்களிலும் கோபுரங்களிலும் காணும் புறாக்களின் மூதாதை இக்காட்டு மாடப்புறாவே என்பதை மாணவர் நினைவிற் கொள்ளல் நன்று.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இத்தீவு துப்பாக்கிப் பயிற்சிக்குரிய இலக்காகப் பயன்பட்டது. பின்னர் 1963 ஆம் ஆண்டில் சரணாலயமாகவும் 2003 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 471 ஹெக்டேயர். அதில் நிலம் மிகச் சிறிது; எஞ்சியது அனைத்தும் கடலே. ஆதலால் இது வேலியில்லாத பூங்கா. வேலிக்குப் பதிலாக அங்கு நிற்க வேண்டியது செல்வோரின் அறிவேயாகும்.

நீருக்குள் ஓர் உலகம்

நீருக்குள் வெறுங் கண்ணாற் பார்த்தால் யாவும் மங்கலாகவே தோன்றும். கண்ணுக்கு முன்னே காற்று இருந்தால்தான் ஒளி தக்கவாறு வளைந்து உருவம் தெளிவாகும். இதற்காகவே கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி முகமூடி ஒன்றை அணிகின்றனர். வாயிற் கவ்விய குழாயின் மறுமுனை நீருக்கு மேலே நிற்கும். தலையை நீரிற் கவிழ்த்தபடியே மூச்சுவிட்டு மிதக்கலாம். ஸ்நோர்க்கல் எனப்படும் கருவி இதுதான். இதன் வழியே காண்பவை உள்ளதினும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றும். எனவே பத்து விரற்கடை மீனைப் பன்னிரண்டு, பதின்மூன்று விரற்கடை என்று கரையில் வந்து கூறுவோர் பொய் சொல்கின்றார் என்று எவரும் எண்ணலாகாது!

இடுப்பளவு, மார்பளவு நீரிலேயே அக்காட்சி தொடங்கிவிடுகின்றது. மானின் கொம்பு போலக் கிளைத்தவையும், மேசைப் பலகை போல விரிந்தவையும், மூளையின் மடிப்புகள் போல நெளிந்தவையுமாக முருகைகள் பரந்து கிடக்கின்றன. திருகோணமலைக் கடலில் ஏறத்தாழ 100 வகை முருகைகளும் 300 வகைப் பார்மீன்களும் ஆய்வாளராற் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுட் பலவற்றை இங்கே காணலாம். அலகு போன்ற வாயினையுடைய கிளிமீன்கள் முருகையைக் கடிக்கும் ஓசை நீருக்குள்ளே காதில் விழும். அவை கடித்த சுண்ணாம்பு, மணலாகி வெளிவருகின்றது. கரையில் நாம் அள்ளி விளையாடும் வெண்மணலில் ஒரு பங்கு மீனின் வயிற்றினூடே வந்தது என்று கூறியபோது எமது மாணவர் கையிலிருந்த மணலைக் கீழே கொட்டிவிட்டுச் சிரித்தனர்.

செட்டை நுனியிற் கரிய புள்ளியுடைய சுறாக் குட்டிகளும் ஆழமற்ற நீரில் உலவுவதுண்டு. சுறா என்ற பெயர் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. இவ்வகைச் சுறா கூச்ச இயல்பினது. மனிதர் நெருங்கினால் விலகிச் செல்வது. ஆமைகளுள் அழுங்காமை, பேராமை ஆகியனவும் இப்பாருக்கு வந்து செல்கின்றன.

கல்லா, உயிரா?

முருகைக்கல் என்று பெயரிட்டு அழைப்பதனாலேயே அதனைக் கல் என்று நம்பிவிட்டோம். முற்காலத்திற் சுண்ணாம்பு சுடவும் சுவரெழுப்பவும் பயன்பட்டதும் அந்நம்பிக்கையை வலுப்படுத்திற்று. உண்மையில் முருகை ஓர் உயிரினத்தின் குடியிருப்பு. இழுதுமீனுக்கு உறவான நுண்ணிய உயிர்கள் ஆயிரமாயிரமாகக் கூடி, தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பு வீடு அமைத்து வாழ்கின்றன. அவற்றின் உடலினுள்ளே நுண்ணிய பாசிகள் குடியிருந்து, வெயிலின் ஒளியால் உணவு சமைத்து, அதிற் பெரும்பங்கைத் தம் வீட்டுக்காரருக்கு வழங்குகின்றன. முருகையின் நிறத்திற் பெரும்பகுதி அப்பாசியின் நிறமே.

கிளைத்து வளரும் முருகை ஆண்டொன்றுக்குச் சில அங்குலம் வளரும். உருண்டு திரண்ட வகையோ ஓராண்டில் ஒரு சென்ரிமீற்றர் வளர்வதே அரிது. ஆதலால் ஒரு பிள்ளையின் உயரமுள்ள முருகை, அப்பிள்ளையின் பாட்டனுக்கும் மூத்ததாயிருக்கலாம். அதனை முறிப்பதற்கோ ஒரு நொடி போதும்.

கடலடிப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கினும் குறைந்த இடத்தையே முருகைப் பார்கள் கொண்டுள்ளன. ஆயினும் கடல்வாழ் உயிரினங்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தம் வாழ்நாளில் எப்போதேனும் அவற்றை நம்பி வாழ்கின்றன. வவுனியாச் சந்தையில் நாம் விலை கேட்கும் மீனுக்கும் நிலாவெளிப் பாருக்கும் தொடர்பு உண்டு என்பதை இல்லத்தரசியரும் அறிதல் வேண்டும்.

தப்பிய பார்

1998 ஆம் ஆண்டில் இந்து சமுத்திரத்தின் நீர் வழக்கத்துக்கு மேலாகச் சூடேறிற்று. நீர் ஒரு பாகை மிகுந்து சில வாரம் நீடித்தாலே முருகை தன்னகத்துள்ள பாசியை வெளியேற்றிவிடும். நிறமிழந்து வெளுத்து, உணவின்றி மடியும். அவ்வாண்டில் ஹிக்கடுவை முதலாகத் தெற்கிலும் மேற்கிலும் உள்ள பார்கள் பெருஞ் சேதமுற்றன. திருகோணமலைக் கடற் பார்களோ தப்பின. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 இல் ஆழிப்பேரலை நிலாவெளிக் கரையைச் சூறையாடிய பின்னரும் இப்பாரில் உயிர் எஞ்சிற்று. போர்க்காலத்தில் மனிதர் வருகை குறைந்திருந்ததும் அதற்கு ஒரு காவலாயிற்று எனலாம்.

ஆனால் அமைதி வந்த பின்னர் வந்த கூட்டத்தால் இப்பார் நலிவுற்று வருகின்றது. நீந்தத் தெரியாதோர் களைத்தவிடத்து முருகையின் மேலேயே நிற்கின்றனர். நினைவுப் பொருளென்று கிளையை முறிக்கின்றனர். மீனுக்குப் பாண் துண்டு எறிகின்றனர். முறிந்து சாம்பல் நிறமாகக் கிடக்கும் துண்டுகளைக் கரையருகே யாவரும் காணலாம். உலகெங்கும் கடல் சூடேறி வருவதால், நான்காவது உலகளாவிய முருகை வெளுப்பு நிகழ்ந்து வருவதாக அறிவியலார் 2024 ஆம் ஆண்டு சித்திரையில் அறிவித்தனர். வெப்பத்தைத் தடுப்பது நம் ஒருவர் கையில் இல்லை. வெப்பத்தால் நலிந்த உயிரை மிதித்துக் கொல்லாமல் விடுவதோ நம் கையில் இருக்கின்றது.

எம்மை ஏற்றிச் சென்ற படகோட்டி, இறங்குமுன் மாணவரைப் பார்த்து, "மிதந்து பாருங்க தம்பிமாரே, மிதிச்சுப் பார்க்காதீங்க" என்றார். நூல்கள் பல சொல்லும் அறிவுரையை அவர் ஒரே வரியில் அடக்கிவிட்டார்.

குளம் கற்பித்த பாடம்

இவ்விடத்தில் வன்னி மக்களாகிய நமக்குப் புதிதாக எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சிறுபோகம் வருகையில் கமக்காரர் கூட்டம் கூடுகின்றது. குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கின்றது என்று முதலிற் பார்க்கின்றனர். பின்னரே எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிக்கின்றனர். நீர் குறைந்த ஆண்டில், காணி எவ்வளவு இருந்தாலும் பகுதியளவே விதைப்பர். குளத்தின் அளவே வயலின் அளவு. இவ்வொழுங்கை மீறினால் அடுத்த போகம் அனைவருக்கும் இல்லையென்பது சிறு பிள்ளைக்கும் தெரியும்.

பாரும் ஒரு குளமே. அது தாங்கும் அளவுக்கே மனிதர் அங்கே இறங்க வேண்டும். தாய்லாந்தில் மாயா விரிகுடா என்னும் சிறு கடற்கரை ஒரு திரைப்படத்தாற் புகழ் பெற்று, நாளொன்றுக்கு ஐயாயிரம் பேர் வரை வந்து மொய்க்க, முருகைகள் அழிந்தன. 2018 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அதனை மூடிற்று. 2022 ஆம் ஆண்டு தைத் திங்களிற் கட்டுப்பாடுகளோடு மீளத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் அங்கே திரும்பி வந்தவை எவை தெரியுமா? நம் புறாத்தீவில் உலவும் அதே கருநுனிச் சுறாக்கள். மனிதன் சற்றே விலகி நின்றால் இயற்கை தன் வீட்டைத் தானே சீர்செய்து கொள்ளும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

செல்வோர் கவனத்திற்கு

வைகாசி முதல் புரட்டாதி வரை இக்கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கொந்தளிக்கும், அப்போது செல்லலாகாது. காலை வேளையே சிறந்தது. விடுமுறைக் கூட்டத்தைத் தவிர்த்து, இயலுமாயின் வாரநாளொன்றைத் தெரிந்துகொள்க.

குளத்தில் நீந்தியவர்க்குக் கடல் எளிது என்று எண்ணற்க. குளத்தில் நீரோட்டம் இல்லை, கடலில் உண்டு. பிள்ளைகள் யாவரும் மிதப்பு அங்கி அணிதல் வேண்டும். அங்கி அணிந்தவர் களைத்தாலும் முருகையிற் கால் ஊன்ற வேண்டியிராது. ஆதலால் அது பிள்ளைக்கும் காவல், பாருக்கும் காவல். வெயிலுக்குப் பூசும் களிம்புகள் சில முருகைக்குக் கேடு விளைவிப்பன. நீண்ட கைச்சட்டை அணிவதே நலம். பொலித்தீன் பைகளைக் கொண்டு செல்லாதிருத்தலும், கிளிஞ்சலோ முருகைத் துண்டோ எடுத்து வராதிருத்தலும் கடமையாகும். கூடு கட்டும் புறாக்களைக் கலைத்தல் கூடாது.

நண்பகலுக்குப் பின் கரைக்குத் திரும்பி உணவருந்தி, மாலையிற் கோணேசரை வணங்கி, வரும் வழியிற் கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் நீராடலாம். உப்பும் களைப்பும் ஒருங்கே நீங்கும்.

பல்லாண்டு மூடிக்கிடந்த வழி திறந்திருக்கின்றது. நம் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். முகமூடி அணிவித்து அக்கடலிற் குனிந்து பார்க்கச் செய்வோம். அவர்தம் பிள்ளைகளும் ஒருநாள் அங்கே குனிந்து பார்க்கையில் காண்பதற்கு ஏதேனும் இருக்குமா என்பது, அங்கு செல்லும் நாம் நம் கால்களை எங்கே வைக்கின்றோம் என்பதைப் பொறுத்தது.