வள்ளி யாருன்னு தெரியாது!

தை முடியட்டும், மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்தில் ஸ்பெஷல் நாடக சீசன் ஆரம்பம். கோயில் திருவிழா என்றால் ராத்திரி பத்து மணியிலிருந்து விடிய விடிய ‘வள்ளி திருமணம்’தான்.

போன சீசனில், அரிதாரம் பூசிக்கொண்டிருந்த முருகனிடம், "வருஷா வருஷம் இதே கதைதானாண்ணே?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"கதை அதேதான் தம்பி. வள்ளியா வர்றவங்களை இனிமேத்தான் பார்க்கணும்!"

நிஜம்தான் சார்! ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஆளுக்கு ஆள் தனி புக்கிங். ஒத்திகை? மூச்! 1922-ல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்கள் எல்லோருக்கும் மனப்பாடம். மிச்சமெல்லாம் மேடையிலேயே தர்க்கம். வள்ளி மடக்கிவிட்டால் முருகன் பாடு திண்டாட்டம்.

"ஆடி வரைக்கும்தான் ஓட்டம். அதுலதான் மிச்ச மாசத்துக்கும் அரிசி வாங்கணும்" என்றவர், பாதி மேக்கப்போடு வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். லேசாகத் தூறல்.