அப்பளக்கார அக்காவின் கடை கைபேசிக்குள் வந்த கதை

"ஏ தங்கச்சி, அந்தக் கடைக்காரர் இந்த வாரமும் பத்துப் பாக்கெட்தான் எடுத்தார். மெஷின் அப்பளம் விலை குறைச்சலா வருதாம். இனிமே கையால இடுறது எதுக்குன்னு கேட்கார்."

எங்கள் தெருக் கோடி வீட்டு அக்கா திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் கல்லிடைக்குறிச்சி, அப்பளத்துக்குப் பேர் போன ஊர். அக்கா கணவரை இழந்தபின் உளுந்து மாவு, அப்பளக்காரம், பெருங்காயம் இவற்றை நம்பித்தான் ஒரே மகளைக் கல்லூரிவரை கொண்டுவந்திருக்கிறார். வாரம் நாற்பது பாக்கெட் எடுத்த கடை பத்துக்கு இறங்கிவிட்டால், அடுத்த பருவக் கட்டணத்துக்கு எங்கே போவது?

"இணையத்துல போட்டு விப்போமே அக்கா" என்றேன்.

"அதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம். எனக்கு உருட்டவும் இடவும்தான் தெரியும்" என்று கையை உதறினார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? அக்கா மகளும் நானுமாக உட்கார்ந்து, தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டோம். நாங்கள் பட்ட பாடு வாசக சகோதரிகளில் யாருக்காவது உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன். பொடி, ஊறுகாய், வடகம், தையல், பூக்கட்டு என்று எந்தக் கைத்தொழிலுக்கும் இது பொருந்தும்.

முதலில் கணக்கு நோட்டு

கைபேசியைத் தொடுமுன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தோம். அரைக் கிலோ அப்பளத்துக்குச் சாமான் செலவு 85 ரூபாய், பையும் லேபிளும் 15 ரூபாய், ஆக 100. கடைக்குக் கொடுத்த விலையோ 125. இடித்து, உருட்டி, இட்டு, காயவைத்த உழைப்புக்கெல்லாம் சேர்த்து மிஞ்சியது வெறும் 25 ரூபாய்! அதே பாக்கெட்டைக் கடையில் 180க்கு விற்றார்கள். "இத்தனை வருசமா இதை எழுதிப் பார்க்காம இருந்துட்டேனே" என்று அக்கா வாயடைத்துப் போனார். கடை விலைக்கே நேராகக் கொடுத்தால் 80 ரூபாய் கையில் நிற்கும். தபால் செலவைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். அதை விலைக்குள் அடக்கப் பார்த்தால் தூரத்து ஊர்களுக்கு அனுப்பும்போது கையைக் கடிக்கும்.

பதிவும் லேபிளும்

உணவுப் பொருள் விற்பவர், வீட்டில் செய்து விற்றாலும் சரி, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தத் துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் அச்சிட வேண்டும். அத்துடன் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, எதுவரை உபயோகிக்கலாம், தயாரிப்பவர் முகவரி, சைவத்துக்கான பச்சைக் குறி ஆகியவையும் இருக்க வேண்டும்.

சேர்மானம் எழுதும்போது ஒன்று தெரிந்துகொண்டோம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா மாவு கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் உளுந்து அப்பளம்தானே என்று நம்பிச் சாப்பிட்டுவிடக் கூடாதல்லவா? அதையும் லேபிளில் போட்டோம். அப்பளத்தில் உப்பும் காரமும் கூடுதல். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேட்டால், "அளவோட சாப்பிடுங்க" என்று அக்காவே சொல்லிவிடுகிறார்.

சிறுதொழில்களுக்கான 'உத்யம்' பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு தளத்தில் இதற்குக் கட்டணமே கிடையாது. "நான் பண்ணித் தர்றேன், ரெண்டாயிரம் கொடுங்க" என்று யாராவது வந்தால் ஏமாறாதீர்கள்.

கைபேசிக்குள் ஒரு கடை

வியாபாரிகளுக்கென்றே 'வாட்ஸ்அப் பிசினஸ்' என்ற செயலி 2018இல் நம் நாட்டுக்கு வந்தது. இலவசம்தான். சாதாரண வாட்ஸ்அப்பில் இருக்கும் எண்ணையே இதிலும் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் அக்காவுக்குத் தனியாக ஒரு எண் வாங்கினோம். அதுவும் நல்லதாகப் போயிற்று. ராத்திரி பத்து மணிக்கு யார் செய்தி அனுப்பினாலும், "காலை 9 மணிக்குப் பதில் சொல்கிறோம்" என்று அதுவே பதில் கொடுத்துவிடும். அக்கா நிம்மதியாகத் தூங்கலாம்.

இதில் 'கேட்டலாக்' என்று ஒரு பகுதி உண்டு. பொருளின் படம், எடை, விலை எல்லாவற்றையும் கடை அலமாரி மாதிரி அடுக்கிவைக்கலாம். படம் எடுக்கப் பெரிய கேமரா வேண்டாம். காலை வெயில் ஜன்னல் வழியாக வரும் இடத்தில் வெள்ளைத் துணி விரித்து, பச்சை அப்பளம் ஒரு படம், பொரித்தது ஒரு படம், அக்காவின் கை இட்டுக்கொண்டிருப்பது ஒரு படம் எடுத்தோம். அந்த மூன்றாவது படத்தைப் பார்த்துத்தான் பலர் கேட்டு எழுதினார்கள். மெஷின் அப்பளத்துக்கு அந்தக் கை கிடையாதே!

அடுத்து கூகுள் வரைபடம். அதில் தொழிலின் பெயரைப் பதியவும் பணம் கேட்பதில்லை. ஊர்ப் பெயரோடு அப்பளம் என்று தேடுகிறவர் கண்ணில் படும். ஆனால் பெண்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் வாசல்வரை வழி காட்ட வேண்டுமா என்று யோசியுங்கள். முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஊர்களுக்குக் கொடுக்கிறோம் என்பதை மட்டும் காட்ட அதில் வசதி உண்டு. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

உறவுக்காரர்களை விட்டுப் புகழ்ந்து எழுதச் சொல்லலாமா என்று எனக்கு ஒரு சபலம். அக்கா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்: "சாப்பிட்டவங்க எழுதட்டும்."

மயிரிழையில் தப்பினோம்

மூன்றாவது வாரம் ஒரு போன். தன்னை ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கேன்டீனுக்கு நூறு பாக்கெட் கேட்டார். முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி, ஒரு கட்டம் போட்ட படத்தை அனுப்பினார். "இதை ஸ்கேன் பண்ணி ரகசிய எண்ணைப் போடுங்க, பணம் வந்துடும்." அக்கா சந்தோஷத்தில் எண்ணை அழுத்தப் போனார். மகள் பாய்ந்து வந்து கைபேசியைப் பிடுங்கினாள்!

சகோதரிகளே, இதை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. ரகசிய எண்ணைக் கேட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகப் போகிறது என்று அர்த்தம். 'பணம் அனுப்பிவிட்டேன்' என்று காட்டும் படத்தையும் நம்பாமல், வங்கிக் கணக்கைப் பார்த்த பிறகே பொருளை அனுப்புங்கள். ஒருவேளை ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு மூடி வைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

நொறுங்கிய பார்சலும் நல்ல பெயரும்

சென்னைக்குப் போன முதல் பார்சல் தூளாகப் போய்ச் சேர்ந்தது. அக்கா ஒரு பேச்சும் பேசாமல் வேறு பாக்கெட் அனுப்பினார். அதற்குப் பின், இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் அப்பளக் கட்டை வைத்து இறுக்கிக் கட்டி, பெட்டியில் காகிதம் அடைத்து, ஆடாமல் அனுப்புகிறோம். பெட்டியை மூடுமுன் குலுக்கிப் பார்க்க வேண்டும். சத்தம் கேட்டால் உடையும்.

உண்மையான சோதனை ஐப்பசி மழையில் வந்தது. ஒரு கல்யாண வீட்டிலிருந்து ஐம்பது பாக்கெட் கேட்டார்கள். வானமோ நான்கு நாளாக வெளுக்கவில்லை. வெளியில் வாங்கி நம் லேபிளை ஒட்டிக் கொடுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். நல்ல பணமாயிற்றே! அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த லேபிள்ல என் பேர் இருக்குல்லா, தங்கச்சி?"

அவ்வளவுதான் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "மழையால் பதினைந்து பாக்கெட்தான் தர முடியும், மன்னிக்கவும்" என்று எழுதி அனுப்பினோம். அவர்கள் அதை வாங்கிக்கொண்டதோடு, தை மாதம் வளைகாப்புக்கு வேண்டியதையும் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள்.

இப்போதும் அக்கா லட்சாதிபதி ஆகிவிடவில்லை. வாரம் முப்பது பாக்கெட்டுக்குக் குறையாமல் நேராகவே போகிறது. பழைய கடைக்கும் பத்துப் பாக்கெட் கொடுக்கிறார், தன் விலைக்கு. மகளின் பருவக் கட்டணம் கெடுவுக்கு முன்பே கட்டியாயிற்று.

1959இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் இட ஆரம்பித்ததுதான் இன்றைய 'லிஜ்ஜத்'. அந்த எழுவருக்கும் கைபேசி கிடையாது, ஒருவருக்கொருவர் துணை இருந்தார்கள். உங்கள் தெருவிலும் கைப்பக்குவம் உள்ள ஒரு அக்கா இருப்பார். கைபேசியை நன்றாகப் பழக்கிக்கொண்ட நீங்கள் ஒரு சாயங்காலம் அவர் திண்ணையில் போய் உட்காருங்கள். போகும்போது மறக்காமல் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள். முதலில் கணக்கு, அப்புறம்தான் கைபேசி!