உங்களுக்குத் தெரியுமா? கடாரம் நமக்குப் பக்கத்தில்தான்!

ராஜேந்திர சோழன் 1025-இல் கப்பற்படை அனுப்பித் தாக்கிய கடாரத்தை, பாரிட் புந்தாரிலிருந்து காலையில் கிளம்பினால் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். அந்தக் கடாரம்தான் இன்றைய கெடா. அங்கே மெர்போக்கில் இருக்கிறது பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம். அதையொட்டி ஓடையோரத்தில் புக்கிட் பத்து பஹாட் சண்டி: 1936-37-இல் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸால் அகழ்ந்தெடுக்கப்பட்டு, 1960-இல் மீண்டும் அடுக்கி நிறுத்தப்பட்ட கருங்கல் கோயில். மரக்கூரை எப்போதோ மண்ணாகிவிட்டது. அதன் தூண்கள் நின்ற கற்களை இன்றும் பார்க்கலாம்.

படையெடுப்பையே பேசுகிறோம். அதற்குச் சுமார் இருபது ஆண்டு முன்பு, கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரையே கொடுத்தான். அந்த நட்பை ஏனோ விட்டுவிடுகிறோம்!

ரயிலில் போவோர் புக்கிட் மெர்தாஜாமில் மாறி, சுங்கைப்பட்டாணியில் இறங்குங்கள். அங்கிருந்து வாடகைக் கார்தான் வசதி.