பந்தும் பாஸ்போர்ட்டும் – 9: கல்கத்தாவில் இறங்கிய இளவரசன்

மெர்டேக்கா கோப்பையைப் போன வாரமே முடித்தாயிற்று. 1959-லும் 1964-லும் இந்தியா இரண்டாம் இடம் என்பது நினைவிருந்தால் போதும். இந்த வாரம் மும்பையில் நடந்த இன்டர்கான்டினென்டல் கோப்பைக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னோடியான நேரு கோப்பையைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டுப் போகலாம் என்று பழைய அணிப் பட்டியல்களைப் புரட்டினேன். அதில் ஒரு பெயர் கண்ணில் பட்டது. இதழ் அச்சுக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது. ஆனாலும் அந்தப் பெயரைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

என்ஸோ ஃபிரான்செஸ்கோலி.

கால்பந்தை ஊன்றிப் பார்ப்பவர்களுக்கு இவர் யாரென்று தெரியும். உருகுவே நாட்டுக்காரர். ‘இளவரசன்’ என்பது ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர். பந்து அவர் காலுக்கு வந்தால் அவசரம் என்பதே மைதானத்தைவிட்டுப் போய்விடும். 1989-90 பருவத்தில் பிரான்சின் மார்செய் அணிக்கு ஆடினார். மார்செய் ஊரில் பிறந்து வளர்ந்த 17 வயதுப் பையன் ஒருவன் அவர் ஆட்டத்தைப் பார்த்துச் சொக்கிப்போனான். அந்தப் பையன் ஜினடின் ஜிடேன். பிற்காலத்தில் பிரான்சுக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், தன் மூத்த மகனுக்கு என்ஸோ என்று பெயர் வைத்தார். 1996-ல் டோக்கியோவில் யுவென்டஸ் அணிக்காக ஜிடேனும் ரிவர் பிளேட் அணிக்காக ஃபிரான்செஸ்கோலியும் எதிரெதிரே ஆடியபோது, ஆட்டம் முடிந்ததும் ஜிடேன் கேட்டு வாங்கிக்கொண்டது தன் குருவின் சட்டையைத்தான்.

அந்த இளவரசன் தன் நாட்டுச் சட்டையை முதன்முதலில் போட்டது மான்டிவீடியோவில் இல்லை, புவனஸ் அயர்ஸில் இல்லை, ஐரோப்பாவிலும் இல்லை. கல்கத்தாவில் போட்டார். நாள் 1982 பிப்ரவரி 20. எதிரணி தென் கொரியா. இடம் ஈடன் கார்டன்ஸ். அப்போது அவருக்கு வயது 20.

இதைப் படித்ததிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தொடர் எதற்காக எழுதப்படுகிறதோ, அதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

நடந்ததைச் சொல்கிறேன். 1982-ல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் நேரு பெயரில் ஒரு போட்டி தொடங்கியது. வெவ்வேறு கண்டங்களிலிருந்து அணிகளை அழைத்து, இந்திய அணியோடு மோதவிடுவது திட்டம். முதல் ஆண்டிலேயே உருகுவே, யூகோஸ்லாவியா, இத்தாலி, தென் கொரியா, சீனா என்று ஐந்து நாடுகள் வந்தன. கல்கத்தாவின் சால்ட் லேக் மைதானம் அப்போது திறக்கப்படவில்லை. அதனால் கிரிக்கெட் புல்லில் கம்பம் நட்டு ஆடினார்கள். இத்தாலி தன் முதல்தர அணியை அனுப்பவில்லை. அந்த முதல்தர அணி அதே ஆண்டு கோடையில் ஸ்பெயினில் உலகக் கோப்பை வாங்கியது. உருகுவே கதை வேறு. 1930-லும் 1950-லும் உலகக் கோப்பை வென்ற நாடு, 1982 உலகக் கோப்பைக்குத் தகுதியே பெறவில்லை. பயிற்சியாளர் ஓமர் போர்ராஸ் கையில் நேரமும் இருந்தது, இளைஞர்களும் இருந்தார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு பாதி உலகம் தாண்டி வந்தார். இறுதி ஆட்டத்தில் சீனாவைத் தோற்கடித்துக் கோப்பையோடு ஊர் திரும்பினார்.

மறு ஆண்டு, 1983-ல், உருகுவே தென் அமெரிக்க சாம்பியன். இறுதிச்சுற்றில் எதிரணி பிரேசில். மான்டிவீடியோவில் 2-0 என்று வென்ற ஆட்டத்தில் ஃப்ரீ கிக்கில் கோல் அடித்தவர், கல்கத்தாவில் அறிமுகமான அதே பையன்.

உருகுவே எவ்வளவு பெரிய நாடு என்று நினைக்கிறீர்கள்? மொத்த மக்கள்தொகை சுமார் 35 லட்சம். 2011 கணக்கெடுப்பில் நம் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 34.8 லட்சம். நாமக்கல்லைச் சேர்க்காமலே கணக்கு சரியாக வருகிறது. ஒரு சேலம் மாவட்டத்தளவு சனம் இரண்டு உலகக் கோப்பை வென்றிருக்கிறது. மல்லசமுத்திரத்தில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்ட எனக்கு அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

உருகுவே கல்கத்தாவுக்கு வந்ததில் பெரிய சூட்சுமம் எதுவுமில்லை. புள்ளிகளுக்காக ஆடும் போட்டியில் புதுப் பையனை இறக்க எந்தப் பயிற்சியாளரும் தயங்குவார். நட்புப் போட்டி அந்தத் தயக்கத்தைப் போக்கும். தோற்றாலும் குடி முழுகாது. ஆனால் எதிரே நிற்பது வேறு கண்டம், வேறு ஆட்ட முறை, வேறு வேகம். பத்துப் பதினைந்து நாளுக்குள் அத்தனை பாடமும் கிடைத்துவிடும். கல்கத்தாவுக்கு வந்த உருகுவே அந்தப் பாடத்தை வாங்கிக்கொண்டு போனது. அழைத்தவர்கள் நாம். நாம் என்ன வாங்கினோம்?

1984 ஜனவரிக்கு வருவோம். மூன்றாவது நேரு கோப்பை, மறுபடியும் ஈடன் கார்டன்ஸ். இந்த முறை அர்ஜென்டினா வந்தது. பயிற்சியாளர் கார்லோஸ் பிலார்டோ. மரடோனா பார்சிலோனாவில் ஆடிக்கொண்டிருந்ததால் வரவில்லை. ஆனால் ஹோர்ஹே புருச்சாகா வந்தார், கோல்கீப்பர் நெரி பும்பிடோ வந்தார். இரண்டே ஆண்டில், 1986 மெக்சிகோ இறுதி ஆட்டத்தில், மேற்கு ஜெர்மனிக்கு எதிராக வெற்றி கோலை அடித்தவர் அந்தப் புருச்சாகா. கோல் காத்தவர் அந்தப் பும்பிடோ.

இந்த இடத்தில் எங்கள் ஊர் லாரி டிரைவர் மாமா ஒருவரைச் சொல்லியாக வேண்டும். அந்த ஜனவரியில் ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு கல்கத்தா போனவர். பொங்கலுக்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போனவர், பொங்கல் கழிந்துதான் வந்தார். வீட்டில் கோபம். மாமா திண்ணையில் உட்கார்ந்து எங்களுக்குச் சொன்னார்: “நானென்ன கண்ணு பண்ணட்டும்? லோடு எறக்க ஒரு ஆளு கெடைக்கல. குடோன்ல இருந்தவனெல்லாம் பந்தாட்டம் பாக்கப் போயிட்டான். அர்ஜென்டினாவாம். தேருக்கு நிக்கற கூட்டமாட்ட ரோடு பூரா சனம்.” அர்ஜென்டினா என்ற பெயரை நான் முதலில் கேட்டது அவர் வாயிலிருந்துதான்.

அந்தக் கூட்டத்தின் நடுவே இந்தியா அர்ஜென்டினாவை எதிர்த்து ஆடியது. முடிவு 0-1. கோல் அடித்தவர் ரிக்கார்டோ கரேக்கா. இவரையும் நினைவில் வையுங்கள். 1985-ல் பெருவுக்கு எதிராக இவர் அடித்த கோல்தான் அர்ஜென்டினாவை மெக்சிகோ உலகக் கோப்பைக்குக் கொண்டு சேர்த்தது. ஆனால் உலகக் கோப்பை அணியில் இவருக்கு இடமில்லை. வெகுகாலம் கழித்து அதே பெருவுக்குப் பயிற்சியாளராகப் போய், 2018 உலகக் கோப்பைக்கு அந்த நாட்டை அழைத்துச் சென்றார்.

அதே போட்டியில் சீனா அர்ஜென்டினாவை 1-0 என்று வீழ்த்தியது. கோப்பை போலந்துக்குப் போனது.

இந்திய அணிக்கு அன்று யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த மிலோவான் சிரிச் பயிற்சியாளர். வருங்கால உலக சாம்பியன்களிடம் ஒரே கோலில் தோற்ற அணி அதே ஆண்டு ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. டிசம்பரில் சிங்கப்பூரில் ஈரானை 0-0 என்று நிறுத்தியது. நேரு கோப்பையிலிருந்து நாம் வாங்கிய லாபம் இதுதான். அலமாரிக்கு ஒன்றும் வரவில்லை. அணி மட்டும் உரமேறியது.

பிறகு சோவியத் அணிகளின் காலம். 1985 கொச்சி, 1986 திருவனந்தபுரம், 1987 கோழிக்கோடு, 1988 சிலிகுரி என்று தொடர்ந்து நான்கு முறை கோப்பை அவர்களுக்கே. கேரளத்துக்கு இந்தப் போட்டி எத்தனை முறை போயிருக்கிறது பாருங்கள். தமிழ்நாட்டுக்கு வந்தது ஒரே முறை, 1993-ல். சென்னை சென்ட்ரலில் இறங்கி நடந்தே போய்விடலாம், ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் இருக்கும் நேரு ஸ்டேடியத்துக்கு. அங்கே கோப்பை வென்றது வட கொரியா. 2019-ல் அகமதாபாத்தில் நடந்த இன்டர்கான்டினென்டல் கோப்பையையும் வட கொரியாவே வென்றது.

1997-க்குப் பிறகு நேரு கோப்பை பத்து ஆண்டுகள் நின்றுபோனது. 2007-ல் டெல்லியில் மீண்டும் தொடங்கியபோது அழைப்பிதழ் மாறியிருந்தது. உருகுவே, அர்ஜென்டினா, போலந்து எல்லாம் பட்டியலில் இல்லை. இந்தியா 2007, 2009, 2012 என்று மூன்று முறை கோப்பை வென்றது. முதல் இரண்டு இறுதி ஆட்டத்திலும் எதிரணி சிரியா. மூன்றாவதில் பெனால்டி ஷூட் அவுட்டில் கேமரூன் தோற்றது. நான் அந்த வெற்றிகளைக் குறைத்துப் பேசவில்லை. பாப் ஹாட்டன் பயிற்சியில் 2007-ல் பிறந்த நம்பிக்கை 2008 ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பையில் பலித்தது, அதன் வழியே 2011 ஆசியக் கோப்பைக்குப் போனோம். ஆனால் 2012-ல் கோப்பை தூக்கிய நாடு, 2015 மார்ச்சில் உலகத் தரவரிசையில் 173-வது இடத்துக்கு இறங்கிக் கிடந்தது.

2023-ல் இதே கதை திரும்ப நடந்தது. புவனேஸ்வர் இன்டர்கான்டினென்டல் கோப்பையில் மங்கோலியா, வனுவாட்டு, லெபனான் ஆகிய மூன்றும் விருந்தாளிகள். கோப்பை நமக்கு. ஏழே மாதத்தில் கத்தாரில் ஆசியக் கோப்பை: ஆஸ்திரேலியாவிடம், உஸ்பெகிஸ்தானிடம், சிரியாவிடம் தோல்வி. மூன்று ஆட்டத்தில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அந்த 2024-ஆம் ஆண்டு முழுவதும் ஆண்கள் அணி ஓர் ஆட்டமும் வெல்லவில்லை. செப்டம்பரில் ஹைதராபாத்தில் நடந்த இன்டர்கான்டினென்டல் கோப்பையில் மொரீஷியஸோடு 0-0, சிரியாவிடம் 0-3.

தரவரிசைக்காகத்தான் எளிய அணிகளை அழைக்கிறார்கள் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். 2018 ஆகஸ்டில் ஃபிஃபா கொண்டுவந்த கணக்கு முறையில் அந்தச் சமாதானத்துக்கும் பலமில்லை. சர்வதேச ஆட்டங்களுக்கென்று ஒதுக்கிய நாட்களில் நடக்கும் நட்பு ஆட்டத்தின் மதிப்பு 10. அந்த நாட்களுக்கு வெளியே நடந்தால் 5. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்துக்கு 25. அதோடு, எதிரணி எவ்வளவு பலவீனமோ அவ்வளவு குறைவான புள்ளிதான் வெற்றியில் வரும். பலமான அணியிடம் தோற்றால் இழப்பும் சொற்பம். கணக்கே சொல்கிறது, பெரியவனைக் கூப்பிடு என்று.

வேறு கண்டத்து அணிகளோடு மோதுவதைப் பெண்கள் அணி செய்து காட்டியது. 2024 பிப்ரவரியில் துருக்கி மகளிர் கோப்பைக்குப் போனார்கள். எஸ்டோனியாவை 4-3 என்று வென்றார்கள். இந்திய மகளிர் அணி ஐரோப்பிய நாடு ஒன்றை வென்றது அதுவே முதல் முறை. அந்த நான்கில் ஒரு கோல் நம் கடலூர் இந்துமதி கதிரேசன் அடித்தது. தமிழ்நாடு காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டர். கொரோனா காலத்தில் சென்னைத் தெருவில் நின்று காவல் பணி செய்தவர். கடைசி ஆட்டத்தில் கொசோவோவிடம் 0-1 என்று தோற்று இரண்டாம் இடம்தான் வந்தது. வரட்டுமே! 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று வென்று, மகளிர் அணி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இந்துமதிக்கு இங்கே ஒரு பத்தி போதாது. அவருக்கென்று தனி வாரம் உண்டு.

நட்புப் போட்டியில் கோப்பை வாங்குவது வேலையில்லை. நம்மைவிடப் பலமானவனை நம் மண்ணுக்கு வரவழைத்து, நம் பையன்களையும் பெண்களையும் அவன் முன்னால் நிறுத்துவதுதான் வேலை. கால்பந்து சம்மேளனம் அடுத்த இன்டர்கான்டினென்டல் கோப்பையை நடத்தும்போது 1982, 1984 அழைப்பிதழ்களை எடுத்துப் பார்க்கட்டும். முதல்தர அணியை அனுப்ப முடியாத நாடு இளைஞர் அணியை அனுப்பினாலும் சரி. அதில் ஒரு ஃபிரான்செஸ்கோலி இருக்கலாம். தமிழ்நாடு அரசு அந்தப் போட்டியைச் சென்னைக்குக் கேட்டு வாங்கட்டும். 1993-க்குப் பிறகு நமக்கு முறை வரவில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆப்பிரிக்கா போய் போர் போட்டுக்கொண்டிருக்கும் காலம் இது. ஓர் ஆப்பிரிக்க அணி ஆடுவதை எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் ராத்திரி ரயிலேறிப் போய் நேரில் பார்க்க வழி செய்வது பெரிய காரியமே இல்லை.

மும்பைக்கு இந்த வாரம் இடமில்லாமல் போனது. அடுத்த வாரம் அதுவேதான்: 2018 ஜூன், இந்தியா, கென்யா, நியூசிலாந்து, சீன தைபே. தைபேக்கு எதிராக இந்தியா 5-0 என்று வென்ற முதல் ஆட்டத்தில் சுனில் சேத்ரி ஹாட்ரிக் அடித்தார். அதைப் பார்க்க மைதானத்துக்கு வந்தவர்கள் 2,569 பேர். அதன் பிறகு அவர் கேமரா முன்னால் நின்று மக்களிடம் என்ன கேட்டார், மூன்றே நாளில் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.